அழுகும் பழமும் மருந்தில்லாத வழியும்

மாம்பழ சீசனில் மண்டிக்கும் சில்லறைக் கடைக்கும் வரும் பெரிய வம்பு கழிவுதான். வாங்கும்போது காய் பளபளவென்று இருக்கிறது. நாலாம் நாள் பழுக்கையில் தோலெல்லாம் கறுப்புப் புள்ளி, காம்புப் பக்கம் கொழகொழப்பு. கடைக்காரர் மண்டியைத் திட்டுவார். நாங்கள் அவர் கடையின் காற்றோட்டத்தைக் குறை சொல்வோம். உண்மையில் அந்தப் பூஞ்சைக் காளான் தோப்பிலேயே, பூவும் பிஞ்சுமாக இருக்கும்போதே தொற்றி, காய் பழுக்கும்வரை தோலில் அடங்கிக் கிடக்கிறது. கண்ணால் பார்த்து லாட் எடுக்கும் நம் திறமை அங்கே செல்லாது.

இதற்காகப் பறித்த காயைப் பூஞ்சை மருந்தில் முக்கும் வழக்கம் வந்தது. அப்படிப் பெயரெடுத்த பெனோமில் மருந்து 2018-ல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. கடைக்கு வரும் தாய்மார்களும் இப்போது, "மருந்து போட்டதா அண்ணாச்சி?" என்று கேட்டுத்தான் வாங்குகிறார்கள்.

மாம்பழத்துக்கு நாம் நம்பக்கூடிய மாற்று வெறும் வெந்நீர். 52 டிகிரி சூட்டில் 5 முதல் 10 நிமிஷம் காயை முக்கி எடுத்து, ஆறவிட்டு, ஈரம் போக உலர்த்த வேண்டும். தோலில் அடங்கியிருக்கும் பூஞ்சை பெருமளவு ஒடுங்கும். பழமும் ஒரே சீராகப் பழுக்கும். ஆனால் கையை விட்டுப் பார்த்துச் சூடு கணிக்கிற வேலை இதில் ஆகாது. 55 டிகிரியைத் தாண்டினால் தோல் வெந்து போகும். முற்றாத காய் அதற்கு முன்பே கெடும். ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும். தொட்டியில் ஒரே நேரத்தில் காயைக் கொட்டி நிரப்பினால் சூடு சட்டென்று இறங்கிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

எலுமிச்சை, சாத்துக்குடி சங்கதி வேறு. அவற்றில் பச்சைப் பொடி பூக்கும் பூஞ்சை, காயம்பட்ட தோல் வழியாகத்தான் நுழைகிறது. மூட்டையைக் கொக்கி போட்டு இழுப்பதும், உயரத்திலிருந்து போடுவதும் நாமே அதற்குக் கதவு திறந்து விடுவதுதான். இங்கே நம் கடையிலேயே உள்ள சமையல் சோடா உதவும். 10 லிட்டர் தண்ணீருக்கு 300 கிராம் கரைத்து, இரண்டு மூன்று நிமிஷம் முக்கி, நல்ல தண்ணீரில் லேசாக அலசி உலர்த்தலாம். சோடா பூஞ்சையைக் கொல்லாது, முளைக்கவிடாமல் தடுக்கும். ஆகவே காய் வந்த அன்றே செய்ய வேண்டும். பின்னால் படும் காயத்துக்கு அது காவல் இல்லை. கரைசல் அழுக்கானால் கொட்டிவிடுங்கள். இல்லையென்றால் நோயை எல்லாக் காய்க்கும் பங்கு வைத்ததாகிவிடும்.

வாழைச் சீப்பில் வெட்டுவாய் அழுகுவதற்கு இலவங்கப்பட்டை, கிராம்பு எண்ணெய்களை இலங்கையில் ஆராய்ந்து பலன் கண்டிருக்கிறார்கள். பக்குவம் தெரியாமல் நாம் கடையில் தடவிப் பார்க்க வேண்டாம். அளவு மிஞ்சினால் பழம் மசாலா வாடை அடிக்கும். வேப்பெண்ணெய் தடவச் சொல்கிறவர்களும் உண்டு. அந்த நாற்றத்தோடு பழத்தை யார் வாங்குவார்கள்? (கார்பைடு கல் வைப்பது பழுக்க வைக்கும் வேலை, இதில் சேராது, அது சட்டப்படி தடை.)

சோடாத் தொட்டி சின்னக் கடைக்கும் கட்டுப்படியாகும். வெந்நீர் அப்படியல்ல, வெப்பம் குறையாமல் பார்க்க ஆளும் எரிபொருளும் வேண்டும். அதை மண்டிக்காரர்களான நாங்கள்தான் ஏற்க வேண்டும். முக்கிய தேதியைப் பெட்டிச் சீட்டில் எழுதித் தரும்படி நீங்கள் கேளுங்கள். எழுதாத மண்டியில் அந்தச் சரக்குக்கு என்று கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.