ஒன்பதாவது கட்டம்

என் அண்ணன் மகளுக்குப் பதினாறு வயது. தில்லி மயூர் விஹாரிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழில் வாயாடுவாள், ஆனால் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. அவளுடைய அத்தையோ தமிழ் எம்.ஏ., மொழிபெயர்ப்பில் காலட்சேபம். வீட்டில் இது பழைய ஜோக்.

கோடை விடுமுறையில் ஒரு நாள், அவள் கையிலிருந்த ஆங்கில நாவலைப் பார்த்து, "இந்த விடலைக் கதைகளை எல்லாம் யார் படிப்பாங்க?" என்று கேட்டுத் தொலைத்தேன். மறுநாள் காலை காபியோடு ஓர் அட்டை வந்தது. தம்போலா சீட்டு போல ஒன்பது கட்டங்கள். எண்ணுக்குப் பதில் கட்டத்துக்கு ஒரு நிபந்தனை. எல்லாமே பதின்வயதினருக்கான நாவல்களாக இருக்க வேண்டும். கெடு மூன்று மாதம். ஒன்பதையும் அடித்துவிட்டால் அவள் தமிழ் எழுத்துப் படிப்பாள். தோற்றால், ஓர் ஆண்டுக்கு அவள் பேசும் தமிழில் நான் பிழை திருத்தக்கூடாது. இரண்டாவது நிபந்தனைதான் எனக்கு வலித்தது.

'எழுதியவரும் விடலையாக இருக்க வேண்டும்' என்ற கட்டம் சுலபமாக விழுந்தது. எஸ்.ஈ. ஹின்டன் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலைத் தொடங்கியபோது வயது பதினைந்து. 1967இல் அது அச்சில் வந்தபோது பதினெட்டு. 'சினிமாவான கதை' என்பதற்கு ஜான் கிரீனின் 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' (2012). இந்தியில் அது 'தில் பேசாரா'வாகி, நாயகன் சுஷாந்த் சிங் ராஜ்புத் இறந்த அடுத்த மாதமே, 2020 ஜூலையில் வெளியானது. மெட்ரோ ரயிலில் அட்டைக்குச் செய்தித்தாள் போட்டு மறைத்துத்தான் படித்தேன். ராஜீவ் சவுக்கில் இறங்கும்போது கண்ணைத் துடைத்ததை யாரும் பார்க்கவில்லை என்று நம்புகிறேன்.

'நீ போகாத ஊர்' கட்டம் என் இளக்காரத்தை உடைத்தது. சித்தார்த்த சர்மாவின் 'தி கிராஸ்ஹாப்பர்ஸ் ரன்' (2009). இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியப் படை நாகா மலைகளுக்குள் நுழைகிறது. நண்பனைப் பறிகொடுத்த அஸ்ஸாமியச் சிறுவன் பழிவாங்கக் கிளம்புகிறான். இதற்கு சாகித்ய அகாதெமி கொடுத்தது பால சாகித்ய புரஸ்கார். பாலகர்களுக்காம்!

ஆகஸ்டுக்குள் எட்டு கட்டம் முடிந்தது. ஒன்பதாவது: 'உன் தாய்மொழியில், பதினாறு வயசுக்காரங்களுக்காக எழுதிய நாவல்.' இதை முதலிலேயே பார்த்து, கடைசி நாளில் முடிக்கலாம் என்று அலட்சியமாக விட்டிருந்தேன்.

சுஜாதா என்றேன். கல்கி என்றேன். ஜெயகாந்தன் என்றேன். மேஜைக்கு அடியில் ஒளித்துப் படித்த ராஜேஷ்குமாரையும் விடவில்லை.

"இதெல்லாம் பதினாறு வயசுக்காக எழுதினதா அத்தை, இல்ல நீ பதினாறு வயசுல படிச்சதா?"

பதில் இல்லை. என் தலைமுறை அம்புலிமாமாவிலிருந்து ஒரே தாவலில் குமுதத்துக்கு வந்தது. நடுவே ஒரு படி இருந்ததாக ஞாபகமே இல்லை. கடைசி அஸ்திரமாக இரா. நடராசனின் 'ஆயிஷா'வை எடுத்தேன். கேள்வி கேட்கும் பள்ளி மாணவியின் கதை. படித்துவிட்டு அழாத தமிழாசிரியரை நான் பார்த்ததில்லை. முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவளும் அழுதாள். பிறகு தீர்ப்பு சொன்னாள்: "கதையை டீச்சர் சொல்றாங்க. ஆயிஷா சொல்லலையே." அரை மதிப்பெண். ஆட்டம் முடிந்தது, நான் தோற்றேன்.

ஆனால் அந்த வாசிப்பை அடுத்த அறையிலிருந்து அம்மா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "மத்த எட்டுல என்னடி இருக்கு?" என்றாள். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. ரஞ்சித் லாலின் 'ஃபேசஸ் இன் த வாட்ட'ரை (2010) எடுத்து, வாய்மொழியாகவே தமிழாக்கிச் சொல்லத் தொடங்கினேன். ஆண் வாரிசுகளே பிறக்கும் பெருமைமிக்க குடும்பம். பையன் குர்மி பூர்வீக வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்க்கிறான். தண்ணீரில் சிறுமிகளின் முகங்கள். பிறந்ததும் மூழ்கடிக்கப்பட்ட சகோதரிகள். அம்மா ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "உசிலம்பட்டி." தமிழ்நாட்டில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்த 1992இல் நான் பள்ளிக்கூடச் சிறுமி. செய்தித்தாளின் அந்தப் பக்கத்தை அம்மா மடித்து ஒளித்துவைத்தது நினைவுக்கு வந்தது.

சொல்லச் சொல்லத்தான் சிக்கல் புரிந்தது. "நான் அதிர்ச்சியுற்றேன்" என்று குர்மி சொன்னால் அவனுக்கு ஐம்பது வயதாகிவிடுகிறது. பேச்சுத் தமிழ் என்றால் எந்த ஊர்ப் பேச்சு? மதுரையா, கோவையா? பஞ்சாபிப் பையன் வாயில் மெட்ராஸ் பாஷை வைத்தால் சிரிப்பு வருகிறது. இருபது ஆண்டுகளாக அமைச்சர்களையும் பொருளாதார நிபுணர்களையும் தமிழில் பேசவைத்துவிட்டேன். பதினைந்து வயதுப் பையன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான்.

"அப்படிப் பேசமாட்டான் அத்தை," என்று குறுக்கே வருகிறாள் மருமகள். "'எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு'ன்னு சொல்லு." பாட்டியிடம் கற்ற சொல். என்னைவிட நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியே எழுதிக்கொள்கிறேன். நடுநடுவே இந்தி கலந்து அவள் செய்யும் பிழைகளை, ஒப்பந்தப்படி, திருத்துவதில்லை.

இரவு ஒன்பதரைக்குப் பாத்திரம் கழுவி முடிந்ததும் கூட்டம் கூடுகிறது. குறிப்பேட்டில் நாற்பது பக்கம் சேர்ந்திருக்கிறது. என் கையெழுத்து புரியவில்லை என்று மருமகள் புகார் செய்கிறாள். புரிந்தால் மட்டும் படித்துவிடுவாளா என்று பாட்டி கேட்கிறாள். நேற்று 'கு' எது, 'கூ' எது என்று பாட்டியிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். நான் கவனிக்காதது போலப் பக்கத்தைத் திருப்பினேன்.