டயருக்குள் ஒரு சென்சார்

ராஜபாளையத்திலிருந்து தோப்புகளைத் தாண்டி, நீர்காத்த அய்யனாரைக் கும்பிட்டு, ஆற்றில் குளித்துவிட்டுத் திரும்பும் கார்களில் இப்போது பாதி புதுக் கார்கள். மலையடிவாரத்தில் ஒரு கூர்கல் டயரில் ஏறிவிட்டால், முன்பெல்லாம் வீட்டு வாசலில் மறுநாள் காலை சக்கரம் சப்பையாகக் கிடக்கும்போதுதான் தெரியும். இப்போது பாதி வழியிலேயே டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு, நடுவில் ஆச்சரியக்குறி. காற்று குறைகிறது என்று கார் சொல்கிறது. சொல்லும் அந்தக் கருவி பல கார்களில் டயருக்கு உள்ளேயே இருக்கிறது என்பது, டயர் மாற்றப் போகும் நாள் வரை பலருக்குத் தெரிவதில்லை. கடையில் அது உடைந்தபிறகே தெரிந்துகொள்கிறவர்களும் உண்டு.

முதலில் விளக்கைப் படிக்கப் பழகுவோம். விளக்கு அசையாமல் எரிந்தால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைவு. வண்டியைக் கிளப்பியதும் ஒரு நிமிடம் போல விட்டுவிட்டு மின்னி, பிறகு நிலையாக எரிந்தால் கோளாறு காற்றில் இல்லை, சென்சாரில். பெட்ரோல் பங்கில் எத்தனை தடவை காற்றடித்தாலும் இந்த இரண்டாவது வகை அணையாது.

சென்சாரிலும் இரண்டு விதம். ஒன்று நேரடியானது. ரிம்மின் உட்புறம், வால்வின் அடியில் கட்டைவிரல் பருமனில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி உட்கார்ந்திருக்கும். காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து ரேடியோ அலையில் காருக்கு அனுப்பும். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாக எண் காட்டும் கார் என்றால் உள்ளே சென்சார் இருக்கிறதென்று அர்த்தம். இன்னொன்று மறைமுகமானது. டயருக்குள் எதுவும் இருக்காது. காற்று குறைந்த சக்கரம் லேசாகச் சிறுத்து, மற்றதைவிட வேகமாகச் சுழலும், ஏ.பி.எஸ். பிரேக்குக்காக ஏற்கெனவே இருக்கும் வேக சென்சார் அதைக் கண்டுபிடிக்கும். மற்ற சக்கரங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறை என்பதால், நான்கிலும் ஒரே அளவு காற்று குறைந்தால் இதற்கு எளிதில் பிடிபடாது. உங்கள் கார் எந்த வகை என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும்.

இந்த விளக்கு உயிர்ப்பலியில் பிறந்தது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்களில் பயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து, வண்டிகள் உருண்டு, அமெரிக்காவில் 270 பேருக்கு மேல் இறந்தார்கள். 2000-ஆம் ஆண்டு அந்த டயர்கள் திரும்பப் பெறப்பட்டன; அதே ஆண்டு சட்டமும் வந்தது. 2007 செப்டம்பருக்குப் பிறகு அங்கே எல்லாப் புதுக் காரிலும் இந்த எச்சரிக்கை கட்டாயம். ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து. அமெரிக்க விதிப்படி, குறித்த அளவில் 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிந்தாக வேண்டும். 33 பி.எஸ்.ஐ. வைக்க வேண்டிய டயர் ஏறத்தாழ 25-க்கு இறங்கிய பிறகு எரிந்தால்கூட விதிக்கு அது போதும். ஆகவே விளக்கு எரியவில்லை என்பதால் காற்று சரியாக இருக்கிறது என்று இருந்துவிடக் கூடாது. மாதம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால், மானி வைத்துப் பார்த்துவிடுவதே நல்லது.

டயர் மாற்றும் வேலையில் உலகத்திலேயே அதிகம் அடிபட்டவர்கள் பனிநாட்டுக்காரர்கள். நம் ஊரில் டயர் மாற்றுவது நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை. கனடாவில் டொராண்டோவிலோ மான்ட்ரியாலிலோ இருக்கும் தமிழர்களுக்கு அது வருடத்துக்கு இரண்டு முறை. சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைத்துப்போய் சாலையைச் சரியாகப் பிடிக்காது. அதற்காக மூன்று முகடுள்ள மலையும் நடுவில் பனிப்பூவும் முத்திரை குத்திய குளிர்கால டயர் தனியாக உண்டு. கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் போட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி தள்ளுபடி தர வேண்டும் என்று 2016-இல் விதி வந்தது.

சென்சார் உள்ள காருக்கு அங்கே மூன்று வழி இருக்கிறது. ஒரே ரிம்மில் டயரை மட்டும் மாற்றி மாற்றிப் போடலாம். சென்சார் இருந்த இடத்திலேயே இருக்கும், ஆனால் வருடத்துக்கு இரண்டு முறை டயரைப் பிரித்து மாட்டும்போது அது அடிபட வாய்ப்பு அதிகம். இரண்டாவது, குளிர்கால டயரைத் தனி ரிம்மில், தனி சென்சாரோடு வைத்துக்கொண்டு, சக்கரத்தோடு கழற்றி மாட்டுவது. முதலில் செலவு கூடினாலும் நீண்ட நாள் ஓட்டத்தில் இதுதான் நிம்மதி. மூன்றாவது, குளிர்காலச் சக்கரத்தில் சென்சாரே போடாமல் விட்டுவிடுவது. கனடாவில் சென்சார் கட்டாயமில்லை என்பதால் பலர் இப்படி ஓட்டுகிறார்கள். விளக்கு பனிக்காலம் முழுக்க எரிந்துகொண்டே இருக்கும். குளிரில் காற்று தானாகக் குறையும் காலத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஒவ்வொரு சென்சாருக்கும் தனி அடையாள எண் உண்டு. புது சென்சார் போட்டால் அதன் எண்ணைக் காருக்குச் சொல்லித்தர வேண்டும். சில கார்கள் கொஞ்ச தூரம் ஓட்டினால் தாமே கற்றுக்கொள்ளும். சிலவற்றுக்கு அதற்கென்றுள்ள கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருக வேண்டும். பழைய சென்சாரின் எண்ணையே புதியதில் பதிந்துவிடுவதும் உண்டு. அப்போது சக்கரம் மாறியது காருக்கே தெரியாது. ஒரு எச்சரிக்கை: வட அமெரிக்காவில் பல கார்களின் சென்சார் 315 மெகாஹெர்ட்ஸில் பேசும், ஐரோப்பாவிலும் இங்கேயும் 433. அங்கேயிருந்து மகன் வாங்கி அனுப்பும் சென்சார் இங்குள்ள காரோடு பேசாமல் போகலாம்.

இனி நம் ஊர் டயர் கடை. வண்டியை நிறுத்தியதுமே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, உள்ள சென்சார் இருக்கு, வால்வ பாத்துப் பிரிங்க." இந்த ஒரு வாக்கியம் பல ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்கும். டயரின் ஓரத்தை ரிம்மிலிருந்து அமுக்கிப் பிரிக்கும் தகடு வால்வுக்கு நேராக இறங்கினால் சென்சார் நொறுங்கிவிடும். விவரம் தெரிந்தவர் சக்கரத்தைத் திருப்பி வைத்து, வால்விலிருந்து தள்ளித்தான் தகட்டை இறக்குவார். அலுமினிய வால்வாக இருந்தால் அதன் ரப்பர் வாஷர், நட்டு, உள்ளே இருக்கும் பின் ஆகியவற்றை டயர் மாற்றும்போதே புதிதாகப் போட்டுவிடுவது நல்லது. அந்தப் பின் நிக்கல் பூசியதாக இருக்க வேண்டும். வெறும் பித்தளைப் பின் அலுமினியத்தோடு சேர்ந்து அரித்து, பிறகு கழற்ற வராமல் ஒட்டிக்கொள்ளும். உலோக மூடியும் அப்படித்தான். பிளாஸ்டிக் மூடியே போதும்.

சென்சாரின் பேட்டரியைத் தனியாக மாற்ற முடியாது. ஐந்திலிருந்து பத்து வருடம் உழைக்கும். ஆறேழு வருட வண்டிக்குப் புது டயர் போடுகிறீர்கள் என்றால், பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று கருவி உள்ள கடையில் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து அதே டயரை மறுபடி பிரிக்க வேண்டிவரும். இன்னொன்று, நிற்கும் வண்டியில் சென்சார் பெரும்பாலும் தூங்கும். காற்றடித்த உடனே திரையில் எண் மாறவில்லை என்று பங்க் பையனோடு சண்டை போட வேண்டாம். கொஞ்ச தூரம் ஓடட்டும். மறைமுக வகைக் காரில் சரியான காற்று வைத்தபின் நீங்களே ரீசெட் செய்ய வேண்டும். காற்று குறைவாக இருக்கும்போது ரீசெட் செய்தால், அந்தக் குறைவையே கார் சரியென்று எடுத்துக்கொள்ளும்.

பனி நமக்கு இல்லை. ஆனால் கொடைக்கானல் இருக்கிறது, மூணாறு இருக்கிறது. ஜனவரியில் 33 டிகிரி வெயிலில் ராஜபாளையத்தில் 33 வைத்துவிட்டுக் கிளம்பி, மறுநாள் விடியற்காலை 8 டிகிரியில் கொடைக்கானலில் திரையைப் பார்த்தால் 29 காட்டும். காற்று எங்கும் போகவில்லை, குளிரில் அழுத்தம் இறங்கியிருக்கிறது. ஏறத்தாழ 6 டிகிரிக்கு ஒரு பி.எஸ்.ஐ. என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். சோம்பேறித்தனமாக 28-இல் கிளம்பிய காருக்கு விளக்கே எரிந்துவிடும்.

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. அதே காலை, அதே டயரில் கை மானியை வைத்தால் 32-ஐ ஒட்டிக் காட்டும். இரண்டும் பொய் சொல்லவில்லை. கை மானி, டயருக்குள் இருக்கும் அழுத்தத்துக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டுகிறது. கடல்மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ.; 2,100 மீட்டர் உயரக் கொடைக்கானலில் 11.4 அளவுதான். டயருக்குள் இருக்கும் சென்சாருக்கு வெளிக்காற்று தெரியாது. பல கார்கள் கடல்மட்டக் கணக்கையே கழித்துத் திரையில் போடுகின்றன. திரையை நம்பி மேலே 33 ஆகும் வரை காற்றடித்தால், கீழே வெயிலுக்கு வந்ததும் அது 37 ஆகிவிடும். கை மானியை நம்பி 33 வைத்தவருக்குக் கீழே 34-க்குள்தான் இருக்கும். மலை மேல் காற்றடிக்க வேண்டி வந்தால் கை மானியையே நம்புங்கள்.

கடைசியாக ஸ்டெப்னி. 2020 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டு, டியூப்லெஸ் டயர், காற்றழுத்த எச்சரிக்கை, பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே கார் விற்கலாம் என்றாகிவிட்டது. அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர் மலையடிவாரச் சாலைக்குக் கிளம்பும் முன் டிக்கியைத் திறந்து, கிட் இருக்கிறதா, அதில் ஓட்டையை அடைக்க ஊற்றும் பசையின் காலாவதித் தேதி தாண்டிவிட்டதா என்று பார்க்க வேண்டும். பசை டயரின் முகப்பில் ஏறிய ஆணி ஓட்டையைத்தான் அடைக்கும், பக்கச் சுவர் கிழிந்தால் உதவாது. அது சென்சாரின் துளையையும் அடைத்துவிடக்கூடும். ஆகவே பசை ஊற்றி ஊர் வந்து சேர்ந்ததும், பஞ்சர் கடையில் அதை மறைக்காமல் சொல்லி, டயரைக் கழற்றிச் சென்சாரையும் ரிம்மையும் துடைக்கச் சொல்லுங்கள்.