பாட்டிலுக்குள் புகுந்த காற்று

இரட்டைப் பிணைப்பில் சிக்மா, பை என இரண்டு உண்டு, அதில் வலுக்குறைந்தது பை என்பதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். ஆல்கீன்கள் சேர்க்கை வினைக்கு எப்போதும் தயாராக இருப்பதும் அதனால்தான். ஆனால் புரோப்பீனோடு ஹைட்ரஜன் புரோமைடு சேரும்போது ஹைட்ரஜன் எந்தக் கார்பனுக்குப் போகும்? ஏற்கெனவே ஹைட்ரஜன் அதிகமுள்ள கார்பனுக்கே என்பது, ரஷ்ய வேதியியலாளர் மார்கோவ்னிகாஃப் 1870-ல் வெளியிட்ட விதி. இதை ஒப்பித்தால் மதிப்பெண் கிடைத்துவிடும்; ஏன் என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடுகிறது.

இந்த விதி ஒரு காலத்தில் ஆராய்ச்சியாளர்களைத் திண்டாட வைத்தது. அல்லைல் புரோமைடோடு ஹைட்ரஜன் புரோமைடைச் சேர்த்தால் ஒருவருக்கு 1,2-டைபுரோமோபுரோப்பேன் கிடைத்தது, இன்னொருவருக்கு 1,3. சிகாகோ பல்கலைக்கழகத்தின் காரஷும் மேயோவும் 1933-ல் குற்றவாளியைக் கண்டுபிடித்தார்கள். காற்றுப்பட்டு நாளான ஆல்கீனில் கொஞ்சம் பெராக்சைடு உருவாகிவிடுகிறது. அந்தத் துளியளவு அசுத்தமே விளைபொருளை மாற்றிவிடுகிறது. காற்றையும் பெராக்சைடையும் விலக்கினால் 1,2 வருகிறது, விட்டுவைத்தால் 1,3 வருகிறது.

அப்படியென்றால் விதி பொய்யா என்று கேட்கலாம். இல்லை. சாதாரண வினையில் முதலில் வந்து ஒட்டுவது ஹைட்ரஜன் அயனி. அது ஓரக் கார்பனில் ஒட்டினால் நேர்மின்சுமை நடுக் கார்பனில் விழும். இருபுறமும் கார்பன்கள் தாங்குவதால் அங்கே அது நிலைக்கும். பெராக்சைடு இருந்தால் முதலில் வருவது புரோமின் அணு. அதுவும் ஓரத்தில்தான் ஒட்டுகிறது, இணையற்ற எலக்ட்ரான் நடுவில் நிற்கிறது. காரணம் ஒன்றே, முந்திக்கொள்ளும் ஆள்தான் வேறு! இது புரிந்தவருக்கு ‘எதிர் மார்கோவ்னிகாஃப்’ என்று தனியாக ஒன்றை மனப்பாடம் செய்யும் வேலையே இல்லை.

தேர்வு நெருக்கடியில் இதற்கெல்லாம் நேரமேது என்பார்கள். ஹைட்ரஜன் குளோரைடுக்கும் அயோடைடுக்கும் பெராக்சைடு விளைவு ஏன் இல்லை என்பதும் தேர்வில் வரும் கேள்விதானே? முன்னதில் ஹைட்ரஜன்–குளோரின் பிணைப்பு எளிதில் உடையாத அளவு வலுவானது. பின்னதில் அயோடின் அணுவுக்கு இரட்டைப் பிணைப்போடு சேரப் போதிய ஆற்றல் லாபம் இல்லை. படிகள் தெரிந்தவர் இதைத் தாமே ஊகித்துவிடுவார், விதியை மட்டும் உருப்போட்டவர் இன்னொரு விதிவிலக்கையும் சுமப்பார். ஆசிரியர்கள் இரண்டு வினைகளின் படிகளையும் கரும்பலகையில் அருகருகே வரைந்துவிட்டு, மார்கோவ்னிகாஃப் பெயரைக் கடைசியில் சொல்லட்டும்.