சின்ன ஊர், பெரிய கணக்கு

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சென்னையை விட்டுவிட்டுச் சின்ன ஊர் ஒன்றில் வீடு கட்டிக் குடியேற நினைக்கிறவர்கள் முதலில் தண்ணீரைப் பற்றிக் கேட்பார்கள். அடுத்த கேள்வி, "அந்த ஊர்ல கிரைம் எப்படிங்க?" மகளை அங்கே கல்லூரியில் சேர்க்கப் போகிறவர்களுக்கு அதுவே முதல் கேள்வி. ஆளுக்கொரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள். அவசரமாகச் சொன்னால் தப்பாகப் புரிகிற விஷயம் இது.

குற்ற விகிதம் என்பதன் கணக்கு எளிது. ஓர் ஆண்டில் பதிவான வழக்குகளை மக்கள்தொகையால் வகுத்து, லட்சம் பேருக்கு இத்தனை என்று சொல்கிறார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் இருப்பதும் இதுதான். ஒரு மாநிலத்தை எடைபோட இது ஓரளவு உதவும். சின்ன ஊருக்கு வந்தால் காலை வாரிவிடும்.

2022-ல் நாடு முழுக்கப் பதிவான கொலை வழக்குகள் 28,522. லட்சத்துக்கு 2.1. இப்போது 20,000 பேர் வாழும் ஒரு பேரூராட்சியை வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு வரப்புத் தகராறில் பங்காளிகளுக்குள் ஒரு கொலை விழுகிறது. விகிதம் உடனே 5 ஆகிவிடும், நாட்டின் சராசரியைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். மறு ஆண்டு ஒன்றும் நடக்கவில்லை என்றால் பூஜ்யம். ஊர் அதே ஊர்தான். ஆகவே ஓர் ஆண்டின் எண்ணை வைத்துச் சின்ன ஊருக்குப் பெயர் சூட்டாதீர்கள். பத்து வருடக் கணக்கைப் பாருங்கள்.

வகுக்கிற எண்ணிலும் சிக்கல் உண்டு. வேளாங்கண்ணியில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் பத்தாயிரத்துச் சொச்சம் பேர். ஆகஸ்ட் 29-ல் கொடியேறிவிட்டால் செப்டம்பர் 8 வரை அங்கே வருகிற கூட்டம் லட்சக்கணக்கில். அந்தக் கூட்டத்தில் பர்ஸ் பறிபோனாலும் செயின் அறுந்தாலும் அத்தனையும் அந்தப் பத்தாயிரம் பேரின் தலையில் வகுபடும். போதாததற்கு 2021-ல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனது. அதன் பிறகு வந்த விகிதங்களுக்கு அடிப்படை 2011 கணக்கிலிருந்து நீட்டிப் பார்த்த மதிப்பீடுதான். தவிர, காப்பகத்தின் அட்டவணைகள் மாநிலம், மாவட்டம், பெருநகரம் என்ற அளவில்தான் இருக்கின்றன. உங்கள் பேரூராட்சிக்கென்று தனி வரி கிடையாது.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். வகுபடுகிற எண் எதை எண்ணுகிறது? நடந்த குற்றங்களை அல்ல, பதிவான எஃப்.ஐ.ஆர்.களை. ஒரே எஃப்.ஐ.ஆரில் கொலை, கொள்ளை, வீடு புகுதல் மூன்றும் இருந்தால், அவற்றில் கொடியது எதுவோ அந்த ஒன்றைத்தான் கணக்கில் எடுப்பார்கள். குற்றம் கூடுவது வேறு, பதிவு கூடுவது வேறு என்று காப்பகமே தன் அறிக்கையில் எச்சரித்திருக்கிறது.

இதற்கு நம் மாநிலமே சாட்சி. தமிழ்நாட்டில் 2019-ல் இந்திய தண்டனைச் சட்டத்தின் கீழ் சுமார் 1.68 லட்சம் வழக்குகள். 2020-ல் அது 8.91 லட்சம். ஒரே வருடத்தில் ஐந்து மடங்கு! நம் மக்கள் திடீரென்று கெட்டுப்போனார்களா? ஊரடங்கு நேரத்தில் வெளியே வந்தவர்கள்மீதும் வண்டி ஓட்டியவர்கள்மீதும் அரசாணையை மீறியதாகப் போட்ட வழக்குகள்தான் எண்ணை இப்படி ஏற்றிவிட்டன. அதே ஆண்டில் நாடு முழுக்கத் திருட்டும் கொள்ளையும் குறைந்திருந்தன.

இதன் மறுபக்கம்தான் சின்ன ஊரை அதிகம் பாதிக்கிறது. இரண்டு திருட்டுகளைப் பாருங்கள். பைக் திருடுபோனால் இன்சூரன்ஸ் கம்பெனி எஃப்.ஐ.ஆர். கேட்கும். அது இல்லாமல் பணம் வராது. அதனால் வண்டிக்காரர் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்து வாங்கிவிடுவார். விடியற்காலையில் ஒரு கிழவியின் இரண்டு ஆடுகள் காணாமல் போகின்றன. அவள் பிழைப்பே அந்த ஆடுகள்தான். பேரனைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறாள். ரைட்டர் மனுவை வாங்கி, முத்திரை குத்தி, சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுக்கிறார். அவள் அதை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு, வழக்குப் பதிவாகிவிட்டது என்று நம்பித் திரும்புகிறாள். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்ததற்கான ரசீது மட்டுமே. அது எஃப்.ஐ.ஆராக மாறாதவரை தேசியக் கணக்கில் அந்த ஆடுகள் திருடுபோகவே இல்லை.

இப்படி விடுபடுகிறவை ஏராளம். "பேசி முடிச்சுக்கலாம்", "பொம்பளைப் புள்ள விஷயம், வெளிய தெரிஞ்சா யாருக்கு அசிங்கம்?" என்ற இரண்டு வாக்கியங்கள் எத்தனையோ வழக்குகளை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கின்றன. உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் நூற்றுக்கு 14 பேர்தான் என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில் புகார் கொடுப்பது இன்னும் கஷ்டம். எதிரியின் மாமன்தான் கவுன்சிலராக இருப்பார்.

அதனால், வழக்கே இல்லாத ஊர் என்று யாராவது பெருமை பேசினால் எனக்கு நிம்மதி வருவதில்லை, கவலைதான் வருகிறது. கேரளம் பல ஆண்டுகளாகக் குற்ற விகிதப் பட்டியலில் மேலே நிற்கிறது. அங்கே இருப்பவர்கள் கெட்டவர்கள் என்பதல்ல அதன் பொருள். புகார் கொடுக்கிற பழக்கமும் வாங்கிப் பதிகிற பழக்கமும் அங்கே வேரூன்றியிருக்கின்றன.

கள்ளக்குறிச்சியை நினைத்துப் பாருங்கள். 2024 ஜூனில் கருணாபுரம் பகுதியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். எங்கோ மலைக்காட்டில் நடந்ததல்ல, ஊருக்குள்ளேயே நடந்தது. அதன் பிறகுதான் ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அந்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. சாராய விற்பனை போன்ற குற்றத்தில் புகார் கொடுக்க யாரும் வருவதில்லை. போலீஸ் போய்ப் பிடித்தால்தான் வழக்கு. பிடிக்காத வரைக்கும் ஏட்டில் எல்லாம் சுத்தம்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? கொலைக் கணக்கை ஓரளவு நம்பலாம், பிணத்தை மறைப்பது சுலபமல்ல. அடுத்ததாக, யாரும் கிரைம் என்று நினைக்காத சாலையைப் பாருங்கள். 2022-ல் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 17,884 பேர். அதே ஆண்டில் இங்கே கொலையானவர்களைப்போல இது சுமார் பத்து மடங்கு. பைபாஸில் வெளிச்சமில்லாத ஒரு திருப்பமும், ஹெல்மெட் இல்லாமல் மூன்று பேராகப் போகும் பையன்களும் உங்கள் குடும்பத்துக்கு எந்த ரவுடியையும்விடப் பெரிய ஆபத்து.

மகளை நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இருட்டில் பதுங்கியிருக்கும் முகம் தெரியாதவன்தான் நம் மனத்தில் வருகிறான். பதிவான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரிந்தவர். சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், காதலிப்பதாகச் சொன்னவர். "இது நல்ல ஊரு, எல்லாம் தெரிஞ்ச ஆளுங்க" என்பதைக் காவலாக நினைத்துவிடாதீர்கள். குழந்தைக்கு ஒன்று நேர்ந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பது 2012-ன் போக்சோ சட்டப்படி குற்றம். உட்கார்ந்து பேசி அதைத் தீர்த்துவைக்க ஊர்ப் பெரியவர்களுக்கு எந்த அதிகாரமும் கிடையாது.

நிலம் பார்க்கப் போகிற ஊரில் இன்னும் சிலவற்றை விசாரிக்கலாம். ஸ்டேஷனில் குற்ற எண்கள் ஜனவரியில் ஒன்றிலிருந்து தொடங்கி வரிசையாகப் போகும். "குற்ற எண் 214/2023" என்றால் அந்த ஸ்டேஷன் 2023-ல் பதிந்த 214-ஆவது வழக்கு. டிசம்பர் மாத வழக்கு ஒன்றின் எண் கண்ணில் பட்டால் அந்த வருடம் எவ்வளவு பதிந்தார்கள் என்பது தெரிந்துவிடும். நகைக்கடை, ஏ.டி.எம்., கோயில் வாசலில் இருக்கிற பட்டா புத்தகத்தில் ரோந்து போலீஸின் கையெழுத்து நேற்றைய தேதியில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஊர் பஸ் ஸ்டாண்டில் இரவு ஒன்பது மணிக்குத் தனியாக பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். எனக்கு எந்த அட்டவணையையும்விட அந்த ஒரு காட்சிமீது நம்பிக்கை அதிகம்.

குடியேறிய பிறகு உங்கள் பங்கும் இருக்கிறது. கைது செய்யத்தக்க குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே தீர வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவுப்படி, எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். மின்னணு வழியில் அனுப்பினால் மூன்று நாட்களுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் எஸ்.பி.க்கு எழுதுங்கள், அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போங்கள். ஆன்லைனில் பணம் பறிபோனால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியின் ஆடு போனாலும் கூடப் போய் நில்லுங்கள். ரசீதோடு திரும்பாதீர்கள், குற்ற எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.