பாபிலோனுக்குப் போன கைக்கடிதம்

1995ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆம் திகதி இரவு. ஸ்காபரோவில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் எம்மவர்கள் புத்தாண்டு ஆராதனைக்காகக் கூடியிருந்தனர். ஆராதனை முடிவில் வழக்கம்போல வாக்குத்தத்த வசன அட்டைகள் ஒரு தட்டில் நீட்டப்பட்டன. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். கைக்கு வரும் வசனமே அவ்வாண்டு முழுவதற்கும் கடவுள் தமக்குத் தந்த வார்த்தை என்பது எடுப்பவரின் நம்பிக்கை.

இரு மாதங்களுக்கு முன்னர், ஒக்ரோபர் 30ஆம் திகதி, வலிகாமம் இடம்பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்திருந்தது. அந்தச் சனத்திரளில் தம் கணவரும் மகனும் எங்கே என்று அறியாத தாய் ஒருவரும் அன்று ஓர் அட்டையை எடுத்தார். எரேமியா 29ஆம் அதிகாரம், 11ஆம் வசனம். கடவுள் தம் மக்களுக்கென நல்லதோர் எதிர்காலத்தை நினைத்து வைத்திருக்கிறார் என்னும் பொருளுடையது அது. இவ்வாண்டே இருவரும் வந்து சேர்வர் என்று அத்தாய் அதற்குப் பொருள் கொண்டார். அட்டையைக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டினார். கட்டில் என்பதும் மிகை. தரையில் விரித்த மெத்தைதான். "திரும்பிப் போகத்தானே போகிறோம்" என்று தளபாடம் எதுவும் வாங்காதவர் அவர். ஆங்கில வகுப்பையும் அதே காரணத்தால் மறுத்திருந்தார்.

1996 முடிந்தது. ஒருவரும் வரவில்லை. வசனம் பொய்த்துவிட்டது என்று கூறி அவர் அட்டையைக் கழற்றி வைத்தார்.

நாட்காட்டித் தாளைக் கிழிப்பதுபோல ஒரு வசனத்தை மாத்திரம் கிழித்தெடுத்து வாசிக்கும் வழக்கம் எம்மிடம் உண்டு. மருத்துவமனையிலும், அகதி விசாரணைக்குப் போகும் காலையிலும், இரவு வேலை முடிந்து கடைசி பஸ்ஸுக்குக் காத்திருக்கையிலும் ஒற்றை வசனம் தாங்கிப் பிடிக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. 23ஆம், 91ஆம், 121ஆம் சங்கீதங்களை மனப்பாடமாகக் கொண்டு காடு கடல் தாண்டியவர்கள் எம்மிடையே உள்ளனர். ஆயினும் எரேமியாவின் இந்த வசனம் தனியே நிற்பதன்று. அது ஒரு கடிதத்தின் நடுவில் வரும் வரியாகும்.

கி.மு. 597இல் நெபுகாத்நேச்சார் எருசலேமைப் பணிய வைத்து, அரசன் யோயாக்கீனையும் கைவினைஞரையும் கொல்லரையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். ஊரில் எஞ்சியிருந்த எரேமியா அவர்களுக்குக் கடிதம் எழுதி, எலாசா, கெமரியா என்னும் இருவரின் கையில் கொடுத்தனுப்பினார். யாழ்ப்பாணத்துக் கடிதம் கொழும்பு வழியாக யாரோ ஒருவர் கைமாறி வருவதற்கு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அக்கடிதத்துக்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்றொருவர் வருகிறார். இரண்டே ஆண்டுகளில் யாவரும் திரும்பிவிடுவர் என்று தேவாலயத்தில் அறிவித்தவர் அவர். மக்கள் கேட்க விரும்பியதும் அதுவே. 1983க்குப் பின் வந்திறங்கிய எமக்கும் இத்தகைய அனனியாக்கள் குறைவாக இருக்கவில்லை. அடுத்த தைப்பொங்கல் ஊரில் என்று சொல்லிச் சொல்லிச் சூட்கேஸை அவிழ்க்காமலே வைத்திருந்தோம்.

எரேமியாவோ எழுபது ஆண்டுகள் என்று எழுதினார். வீடு கட்டுங்கள், தோட்டமிட்டு அதன் பலனை உண்ணுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்து வையுங்கள், நீங்கள் வாழும் நகரத்தின் நலனுக்காக மன்றாடுங்கள் என்பதே கடிதத்தின் சாரம். அந்நகரம் அவர்களைச் சிறைப்பிடித்த நகரம் என்பதை மறக்கலாகாது. (ரொறன்ரோ எம்மைச் சிறைப்பிடிக்கவில்லை, ஒப்புமையை அவ்வளவு தூரம் இழுத்தல் தகாது.) கடிதம் பலருக்குப் பிடிக்கவுமில்லை. பாபிலோனில் இருந்த செமாயா என்பவர், எரேமியாவை ஏன் தண்டிக்கவில்லை என்று எருசலேமுக்கு மறுகடிதமே எழுதினார். குடியேறி வாழச் சொல்பவன் துரோகி என்னும் பேச்சு அன்றும் இருந்தது.

அகழ்வாராய்ச்சி தரும் செய்தி ஒன்றும் உண்டு. பாபிலோனில் கிடைத்த களிமண் ஏடுகளில் சிறைப்பட்ட அரசன் யோயாக்கீனுக்கும் அவன் புதல்வருக்கும் வழங்கிய எண்ணெய்ப் பங்கீட்டுக் கணக்கு பதியப்பட்டுள்ளது. அரசனும் உதவிப்பணத்தில் வாழ்ந்தான் எனலாம். பிற்கால ஏடுகளில், 'யூதாவின் ஊர்' எனப் பொருள்படும் பெயரில் ஒரு குடியிருப்பே காணப்படுகிறது. அங்கு அவர்கள் நிலம் குத்தகைக்கு எடுத்தனர், வரி செலுத்தினர், கடன் பத்திரம் எழுதினர். ஊர்ப் பெயரைக் கடைப் பலகையில் எழுதி வைக்கும் எமக்கு அவ்வூர் அந்நியமாகத் தோன்றாது.

மேலே கூறிய தாய்க்கு அக்கடிதம் முழுவதையும் வாசித்துக் காட்டியவர், செபக்கூட்டத்துக்கு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். பத்தாம் வசனத்தில் எழுபது ஆண்டுகள் என்று வந்ததும் தாய் இடைமறித்தார்.

"மாஸ்ரர், எழுபது வருசமெண்டால் அது எனக்கில்லையே?"

"இல்லைத் தங்கச்சி. அந்தக் கடிதத்தை முதலில் வாசித்தவர்களில் கனபேருக்கும் இல்லை. தோட்டம் போடுறதுதான் அவர்களுக்கு."

அவர் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார் என்று மாஸ்ரர் பிற்பாடு எம்மிடம் கூறினார். அடுத்த கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த கிழமை வந்தபோது, லிங்க் ஆங்கில வகுப்புக்குப் பெயர் கொடுத்திருந்தார். பழைய தளபாடக் கடையில் ஒரு கட்டிலும் வாங்கியிருந்தார். நிரந்தர வதிவிட உரிமை பெற வயதுவந்தோர் ஒவ்வொருவரும் 975 டொலர் செலுத்த வேண்டிய காலம் அது. 1995இல் வந்த அக்கட்டணம் அகதிகளுக்கு 2000இல்தான் நீக்கப்பட்டது. அலுவலகங்களைத் துப்புரவாக்கும் இரவு வேலையில் அதனைச் சேர்த்தார்.

மகன் 1998இல் வந்து சேர்ந்தார். கணவர் வரவில்லை. அவர் எங்கே என்பது இன்றுவரை தெரியாது.

போர் 2009இல் முடிந்தது. 1983இலிருந்து கணக்கிட்டால் நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அத்தாயின் வேதாகமத்தில் 29ஆம் அதிகாரத்தில் அந்த அட்டை இருக்கிறது. அதன் பின்புறத்தில் கணவரின் பெயரை எழுதி வைத்திருக்கிறார். பல்கனியில் ஒரு தொட்டிக் கறிவேப்பிலை நிற்கிறது. ஒக்ரோபரில் குளிர் தொடங்கியதும் அதனை வரவேற்பறை யன்னலடிக்கு நகர்த்துவதற்குப் பேரப்பிள்ளைகள் இருவர் வேண்டியிருக்கிறது.