இரண்டு காற்றும் சேரக்கூடாது

சேலத்தையும் நாமக்கல்லையும் தொட்டுச் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் வடக்கு முனை ஸ்ரீநகர். ஜனவரியில் சங்ககிரியிலிருந்து லோடு ஏற்றிப் புறப்படும் லாரி, ஆக்ராவைத் தாண்டும்போதே வேறொரு பருவத்துக்குள் நுழைந்துவிடும். பஞ்சாப் சமவெளியில் இரவு வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே இறங்குவது அங்கே சாதாரணம். ஜம்மு-காஷ்மீரின் பனிஹால் பக்கம் போனால் தண்ணீரே உறையும். இந்த வழியில் ஓடும் டிரைவருக்குக் கேபின்தான் படுக்கையறை.

மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களை 2025 அக்டோபர் 1 முதல் ஏ.சி. கேபினோடுதான் தயாரிக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்திருக்கிறது. நல்ல விதி, காலம் தாழ்ந்து வந்த விதி. ஆனால் அது வெயிலுக்கான விதி. நிறுத்திய வண்டியில் குளிரோடு தூங்குகிறவரின் இரவு அதற்குள் வரவில்லை.

இன்ஜினின் வெந்நீரிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட்டர், இன்ஜின் ஓடினால்தான் வேலை செய்யும். ராத்திரி முழுக்க ஓடவிட்டால் மணிக்கு இரண்டு லிட்டர் டீசலாவது போகும். அதனால்தான் சிலர் கதவை அடைத்துக்கொண்டு கேபினுக்குள்ளேயே அடுப்பையோ கரியையோ பற்றவைக்கிறார்கள். அதைவிட ஆபத்தான காரியம் வேறில்லை. காற்றோட்டமில்லாத இடத்தில் எரியும் நெருப்பு கார்பன் மோனாக்சைடைக் கக்குகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தூங்குகிறவர் விழித்துக்கொள்ளக்கூட அவகாசம் கிடைப்பதில்லை.

இதற்குச் சரியான விடை, ஐரோப்பாவில் லாரிகளிலும், சக்கரத்தின் மேல் கட்டிய வீடுகளான மோட்டார்ஹோம்களிலும் வெகுகாலமாகப் பொருத்தப்படும் டீசல் வெப்பக்காற்று ஹீட்டர். ஜெர்மனியின் வெபாஸ்டோ, எபர்ஷ்பெஷர் நிறுவனங்கள் இதில் பேர்போனவை. உள்ளே மூடிய அறையில் டீசல் எரிகிறது. எரிவதற்கான காற்று கேபினுக்கு வெளியிலிருந்து வருகிறது, புகையும் வெளியே போய்விடுகிறது. அந்த அறையைச் சுற்றியிருக்கும் அலுமினியச் செதில்களின் மேல் கேபின் காற்றை ஒரு விசிறி தள்ளி, சூடாக்கித் திருப்பி அனுப்புகிறது. எரிகிற காற்றும் மூச்சு விடுகிற காற்றும் ஓரிடத்திலும் சேர்வதில்லை. இந்தக் கருவியின் உயிர்நிலை அதுதான்.

எவ்வளவு வெப்பம் வேண்டும்? வெளியே 2 டிகிரி, உள்ளே 22 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கேபினில் இருக்கும் காற்றைச் சூடாக்க 2 கிலோவாட் ஹீட்டருக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். சிக்கல், தகரம் வழியாகவும் கண்ணாடி வழியாகவும் அந்த வெப்பம் வெளியேறிக்கொண்டே இருப்பது. உள்ளடுக்கு எதுவுமில்லாத, 20 சதுர மீட்டர் பரப்புள்ள தகரக் கேபின் ஏறத்தாழ 2,000 வாட்டை இழக்கும். ஹீட்டர் மூச்சுவிடாமல் ஓட வேண்டியதுதான். அதே தகரத்துக்கு உள்ளே ஓர் அங்குல ஃபோம் வைத்து மூடினால் இழப்பு 800 வாட் அளவுக்கு இறங்கிவிடும், அதிலும் பாதிக்கு மேல் கண்ணாடி வழியாகவே போகும். தடித்த திரை ஒன்று மாட்டினால் இன்னும் குறையும். எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு ஒரு லிட்டருக்கும் குறைந்த டீசல் போதும்.

இந்த ஃபோம் அடுக்கு நாமக்கல் பட்டறைகளின் கையில் இருக்கிறது. சேஸிஸை வாங்கி அதன்மேல் பாடி கட்டித் தருவதில் நாட்டுக்கே பேர்போன ஊர் அது. மரமும் பிளைவுட்டும் ரெக்சினும் வைத்துக் கேபின் கட்டிய கைகளுக்கு, இரும்பைவிட மரம் சில நூறு மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும் என்பது அனுபவத்தில் தெரிந்த சேதி. சேலத்து மே மாத வெயிலில் ஏ.சி.யின் சுமையைக் குறைக்கிற அதே அடுக்கு, லூதியானாவில் ஹீட்டரின் சுமையைக் குறைக்கும். ஏ.சி.க்காகக் கேபினைப் பிரித்துக் கட்டும்போதே ஹீட்டருக்கும் இடம் விட்டுவிடலாமே என்பது என் ஆசை.

பொருத்தும் வேலையில் கவனம் முழுக்கத் தளத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஹீட்டர் படுக்கைக்கு அடியில் உட்காரும். எரிகாற்றுக் குழாய், புகைக்குழாய், டீசல் குழாய் மூன்றும் தளத்தைத் துளைத்து வெளியே போகும். துளையைச் சுற்றிக் கேஸ்கெட் இம்மியும் பிசகாமல் உட்கார வேண்டும். புகைக்குழாய் கொதிக்கும், ஆகவே மரத்தையும் வயரையும் பிரேக் குழாயையும் அது நெருங்கக்கூடாது. அதன் வாய் ஜன்னலுக்கு அடியிலும் வரக்கூடாது, எரிகாற்றை இழுக்கும் குழாய்க்குப் பக்கத்திலும் வரக்கூடாது. டீசலைச் சொட்டுச் சொட்டாகத் தள்ளும் சிறு பம்பைச் சாய்த்து, வாய் மேல்நோக்கி இருக்கும்படி கட்டினால்தான் காற்றுக்குமிழி தங்காது. சுவிட்சை அணைத்த பிறகும் விசிறி சில நிமிடம் ஓடி உள்சூட்டை வெளியேற்றும். அவசரப்பட்டுப் பேட்டரி இணைப்பைத் துண்டித்தால் உள்ளிருக்கும் பாகங்கள் கருகும். கேபினுக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் கட்டாயம் வேண்டும். கேஸ்கெட் என்றாவது தேயும்.

லடாக் பக்கம் ஏறும் வண்டிகளுக்கு இன்னொன்று. 3,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடுவதால், டீசல் அளவையும் அதற்கேற்பக் குறைக்காவிட்டால் உள்ளே கரி படியும்.

நாமக்கல்லின் எல்.பி.ஜி. டேங்கர்களை இந்தக் கணக்கில் சேர்த்துப் பேசக்கூடாது. ஹீட்டருக்குள் எரிவது நிஜமான தீ. ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிகளில் இத்தகைய ஹீட்டருக்கென்றே ஐரோப்பாவில் தனிக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன, சரக்கு ஏற்றி இறக்கும் இடத்தில் அது ஓடவே கூடாது. நம் டேங்கர் டிரைவர்களுக்கு, இன்றைக்கு என் அறிவுக்கு எட்டியவரை, நல்ல ஃபோம் அடுக்கும் கனத்த கம்பளியும்தான் பாதுகாப்பான வழி.