கிட்டியிலிருந்து மாவுக்கட்டு வரை

சென்னை மாகாணத்தில் சித்திரவதை நடக்கிறதா என்று விசாரிக்க 1854-இல் ஓர் ஆணையம் அமைத்தார்கள். எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்று மூன்று பேர். முறையிட வந்த ஜனங்களில் பலர் வெகுதூரம் நடந்தே வந்தார்கள்; 1,900-க்கும் மேற்பட்ட புகார்கள் சேர்ந்தன. அடுத்த ஆண்டு வெளிவந்த அறிக்கையில் இரண்டு கொடுமைகள் திரும்பத் திரும்ப வருகின்றன: கிட்டி, அண்ணாந்தாள். கிட்டி, இரண்டு கோல்களுக்கு நடுவே விரல்களை வைத்து நெரிப்பது. அண்ணாந்தாள், ஆளைக் குனியவைத்துக் கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து வெயிலில் நிறுத்துவது. வரி பாக்கியை வசூலிக்கவும் இதுதான் வழி, திருட்டை ஒப்புக்கொள்ள வைக்கவும் இதுதான் வழி. தண்டல் செய்தவர்களும் காவல் செய்தவர்களும் அன்று பெரும்பாலும் ஒரே ஆட்கள்.

இன்று குற்றம்சாட்டப்பட்டவருக்கு இருக்கும் மிக வலுவான கேடயம் இந்த வேதனையிலிருந்து பிறந்தது. போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்ட முடியாது என்ற விதி 1861-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வந்தது. 1872-இல் சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவானது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தில் அது 23-ஆவது பிரிவு. வெள்ளைக்காரன் போனான், குடியரசு வந்தது, சட்டங்களின் பெயர்கூட மாறிவிட்டது. பொதுச் சட்டத்தில் அந்த விதியில் யாரும் கைவைக்கவில்லை.

ஆனால் அதே 1872 சட்டத்தில் அன்றே ஒரு சந்தும் விட்டுவைத்தார்கள். காவலில் இருப்பவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அது தொடர்பான பேச்சு மட்டும் சாட்சியமாகச் செல்லும். பழைய 27-ஆவது பிரிவு இதுதான். காவல் நிலைய மொழியில் ‘ரிக்கவரி’. ‘நான்தான் செய்தேன்’ என்று சொல்லவைப்பதால் வழக்குக்குப் பயனில்லை. ‘இங்கேதான் புதைத்தேன்’ என்று சொல்லவைத்தால் பயன் உண்டு. அடி நின்றுபோகாததற்கு இந்தச் சந்து ஒரு முக்கியக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளியாக இருந்த இளைஞர் எதற்காக அடித்துக் கொல்லப்பட்டார்? காரில் இருந்த நகை காணவில்லை என்ற புகார். ‘நகை எங்கே?’ என்பதுதான் கேள்வி. 1855 அறிக்கையிலும் இதே கேள்விதான்.

இடைப்பட்ட காலத்தில் எதுவும் மாறவில்லை என்று சொன்னால் அது அநியாயம். 1898-ஆம் ஆண்டின் நடைமுறைச் சட்டத்தில் முன்ஜாமீன் என்று ஒரு பிரிவே கிடையாது, 1973-இல்தான் வந்தது. குற்றப்பத்திரிகை போடாமலே ரிமாண்டை நீட்டிக்கொண்டே போகலாம் என்ற நிலைக்கும் அப்போதுதான் கடிவாளம் விழுந்தது. இன்று குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் சார்ஜ்ஷீட் வராவிட்டால் ஜாமீன் பெறுவது உரிமை. அது நீதிபதியின் தயவு அல்ல. 1979-இல் பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களுக்காக வந்த ஹுசைனாரா காத்தூன் வழக்கில், ஏழைக்கு அரசு செலவில் வக்கீல் என்பதும் விரைவான விசாரணை என்பதும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

நம் பக்கத்துக் கதை 1993-இல் கம்மாபுரம் காவல் நிலையம். ‘ஜெய் பீம்’ படத்துக்கு மூலமான வழக்கு. திருட்டுப் புகாரில் பிடித்துப்போன கூலித் தொழிலாளி ‘தப்பி ஓடிவிட்டார்’ என்றார்கள். அவர் மனைவி ஆட்கொணர்வு மனுவோடு உயர் நீதிமன்றத்துக்குப் போனார். வாதாடியவர் அப்போது வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு. கைது குறிப்பாணை, அதில் சாட்சி கையெழுத்து, உறவினருக்குத் தகவல், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை என்ற டி.கே. பாசு தீர்ப்பின் கட்டளைகள் 1996 டிசம்பரில்தான் வந்தன. அந்தப் பெண் போராடத் தொடங்கியபோது அவர் கையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றத்துக்கு எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, முதலில் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும், கைது செய்தால் ஏன் என்று எழுதிவைக்க வேண்டும் என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு, கைதுக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று 2023-இல் அமலாக்கத் துறை வழக்குகளுக்குச் சொன்னதை, 2025 நவம்பரில் எல்லாக் குற்றங்களுக்கும், அதுவும் கைதானவருக்குப் புரியும் மொழியில் என்று விரித்தது. 2023-இன் பங்கஜ் பன்சால் தீர்ப்பில் தொடங்கிய இந்த மாற்றத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். காரணம் கையில் இருந்தால்தான் வக்கீல் முதல் நாளே ரிமாண்டை எதிர்க்க முடியும்.

வக்கீலே கிடைக்காமல் செய்த வழக்கமும் இருந்தது. குறிப்பிட்ட வழக்கில் யாரும் ஆஜராகக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கங்கள் தீர்மானம் போடும். கோவையிலிருந்து போன முகமது ரஃபி வழக்கில், 2010-இல், அப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாதவை என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. எவ்வளவு கொடிய குற்றம் சாட்டப்பட்டவருக்கும் வாதாட ஆள் வேண்டும்.

பின்னோக்கிப் போன இடமும் உண்டு. முன்பு போலீஸ் காவல் என்பது ரிமாண்டின் முதல் 15 நாளுக்குள் முடிந்துவிடும். புதிய நடைமுறைச் சட்டத்தின் 187-ஆவது பிரிவு, அதே 15 நாளைத் துண்டு துண்டாக முதல் 40 அல்லது 60 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் கேட்க வழிசெய்கிறது. சிறைக்குப் போய்விட்டோம், இனி அடி இல்லை என்று மூச்சுவிட்டவரை மறுபடி லாக்கப்புக்கு அழைத்துவரலாம். இது தவறான மாற்றம். திரும்பப் பெறப்பட வேண்டும்.

சட்டத்தைவிட நடப்பு இன்னும் பின்தங்கியிருக்கிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையையும் மகனையும் காவலில் அடித்துக் கொன்றபோது, நிலையத்தில் சி.சி.டி.வி. இருந்தது, பதிவு அன்றாடம் அழியும்படி அமைத்திருந்தார்கள். பதிவுகளை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று அதே ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கைதானவர்கள் ‘கழிவறையில் வழுக்கி விழுந்து’ மாவுக்கட்டோடு படத்தில் நிற்பதை நாம் இன்றும் பார்க்கிறோம். அதைப் பார்த்துக் கைதட்டுகிறவர்கள், தீர்ப்புக்கு முன்பே தண்டனை நடந்துவிட்டதை உணர வேண்டும்.

வீட்டில் யாரையாவது ‘சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிடுறோம்’ என்று கூட்டிப்போனால் அழைத்துப்போன நேரத்தைக் குறித்துவையுங்கள். மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டிய 24 மணி நேரத்தை, காகிதத்தில் கைது காட்டிய நேரத்திலிருந்து எண்ணுவதுதான் பழைய தந்திரம். உயர் அதிகாரிக்கும் மாவட்ட நீதிமன்றத்துக்கும் அன்றே மின்னஞ்சல் போனால் அந்த நேரத்தை மாற்ற முடியாது. வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. தனக்கு எதிராகத் தானே பேச வேண்டியதில்லை என்பது அரசமைப்பின் 20(3). மாஜிஸ்திரேட் ‘அடித்தார்களா?’ என்று கேட்டால், பக்கத்தில் நிற்கும் காக்கிச் சட்டைக்குப் பயந்து ‘இல்லை’ என்று சொல்லிவிடாதீர்கள். கேட்காவிட்டாலும் காயத்தைக் காட்டுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அழையுங்கள்: எண் 15100. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டின் சட்டம்.